திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கதவைத் தட்டும் முன்: வன்னிப் படைப்பாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் இப்போது கமெராவுக்குப் பஞ்சமில்லை. கலியாண வீட்டிலும் சாமத்திய வீட்டிலும் வீடியோ எடுத்துக் கை பழகிய இளைஞர்கள் பரந்தனிலும் புதுக்குடியிருப்பிலும் குறும்படம் எடுக்கிறார்கள். கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் மாமா அனுப்பும் பணத்தில் முதற்படம் எப்படியோ முடிந்துவிடும். முழுநீளப் படத்தில் கை வைத்த பிறகுதான் கொழும்பில் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனம் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வருகிறது. அதற்குள் படம் பாதியும் பணம் முழுவதும் முடிந்திருக்கும்.

முதல் தவறும் பெரிய தவறும் இந்தப் பிந்திய நினைவுதான். 1971ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாகி, 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனமாக இயங்கத் தொடங்கிய நிறுவனம் இது. தயாரிப்பு, இறக்குமதி, விநியோகம், திரையிடல் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அதற்குக் கொடுக்கப்பட்டது. அதன் முதற் பொது முகாமையாளராக இருந்த டீ. பீ. நிஹால்சிங்க திரைக்கதையை மதிப்பிட்டுத் தயாரிப்பாளருக்குக் கடன் கிடைக்க வழிசெய்யும் முறையைக் கொண்டுவந்தார். கவனிக்க வேண்டியது, மதிப்பிடப்பட்டது படமல்ல, தாளில் இருந்த திரைக்கதை. உலகின் பல நாடுகளில் இத்தகைய அமைப்புகள் இப்படித்தான் இயங்குகின்றன. படப்பிடிப்புக்கு முன்பே போகிறவருக்குத்தான் வழி அகலமாக இருக்கும்.

அடுத்தது, அரச நிறுவனம் தரும் பணத்தை நிவாரணமாக நினைப்பது. போருக்குப் பிறகு வீட்டுத்திட்டமும் வாழ்வாதார உதவியும் பெற்றுப் பழகிய மண்ணில் இந்த நினைப்பு இயல்பாகவே வரும். அதற்காக யாரையும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் விண்ணப்பத்தில் எங்கள் துயரத்தை மட்டும் நாலு பக்கத்துக்கு எழுதினால், வாசிக்கும் குழு அனுதாபப்பட்டுவிட்டு அடுத்த கோப்பை எடுக்கும். பிரான்ஸைப் பாருங்கள். அங்கே தேசியத் திரைப்பட மையம் ஒவ்வொரு டிக்கெட் விலையிலும் 10.72 வீதத்தை வரியாகப் பெறுகிறது. அந்த நிதி புதிய படங்களுக்குப் போகிறது. அதில் ஒரு வகை, படம் பின்னால் ஈட்டப்போகும் வருவாய்க்கு எதிரான முன்பணம். படம் உழைத்தால் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும். கொடுப்பவர் தேடுவது, இந்தக் கதை திரையில் நிற்குமா, இந்த ஆள் சொன்ன நாளில் முடிப்பாரா என்ற இரண்டுக்கும் விடையைத்தான்.

இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வது செலவுத்திட்டம். எங்கள் ஆட்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். "பயணம், சாப்பாடு, இதர செலவு" என்று மூன்று வரி. கீழே ஒரு கூட்டுத்தொகை. வன்னியில் படம் எடுப்பவருக்கு இது போதவே போதாது. உதாரணத்துக்கு, இரணைமடுக்குளத்தின் கீழ் முற்றிய நெல் வயலில் ஒரு காட்சி என்று வைத்துக்கொள்வோம். மழைக்கால விதைப்பான காலபோக நெல் மாசி மாதமளவில் அறுவடையாகும். தவறவிட்டால் சிறுபோகத்துக்கு ஆவணி வரை காத்திருக்க வேண்டும், அதுவும் குளத்தில் தண்ணீர் இருந்தால். நிறுவனத்தின் பணமோ பொதுவாகத் தவணை தவணையாக, முன்னைய கட்டம் முடிந்ததைக் காட்டிய பிறகே வரும். தவணைக்காக நெற்கதிர் காத்திருக்காது. ஆகவே எந்தக் காட்சி எந்த மாதம், அதற்கு முன் எந்தத் தவணை கைக்கு வர வேண்டும் என்று அட்டவணை போட்டு விண்ணப்பத்தோடு இணையுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் முல்லைத்தீவுப் பக்கம் வெளிப்புறப் படப்பிடிப்பு வைத்திருந்தால், வீணாகும் நாட்களுக்கும் ஒதுக்கீடு காட்டுங்கள். மின்பிறப்பாக்கி வாடகை, கொழும்பிலிருந்து வரும் ஒலிப்பதிவாளரின் தங்குமிடம், உள்வீதிக்கு உபகரணம் ஏற்றும் உழவு இயந்திரத்தின் கூலி, எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும்.

அனுமதிகள் விஷயத்தில் "தெரிந்த ஆள் இருக்கிறார்" என்ற பேச்சை மறந்துவிட வேண்டும். காடு என்றால் வனத் திணைக்களம், ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. படைமுகாம் கமெராவின் சட்டகத்துக்குள் வந்தால் கதை வேறு. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நாட்டிய இடத்தில், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் காலடி வைக்காதீர்கள்.

கதை உரிமையும் அப்படியே. ஈழத்துச் சிறுகதை ஒன்றைப் படமாக்கும்போது, "எழுத்தாளர் காலமாகிவிட்டார், யார் கேட்கப்போகிறார்கள்" என்பார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் இறந்த பின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கும். ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்கித்தான் ஆக வேண்டும். வானொலியில் ஓடுவதாகப் பின்னணியில் விட்ட இந்தியப் பாட்டுக்கும் இதே கதிதான்.

கூட்டுத்தாபனத்தையும் தணிக்கைச் சபையையும் ஒன்றெனக் குழப்புகிறவர்கள் ஏராளம். தணிக்கை 1912இல் வந்த பொது அரங்காற்றுகைச் சட்டத்தின் வழி நடப்பது. அந்தச் சபையின் சான்றிதழ் தனி. ஓரிடத்தில் கிடைத்த ஆம், மற்ற இடத்தின் ஆம் ஆகாது. படத்தைப் பாடசாலை மண்டபத்தில் டிக்கெட் போட்டுக் காட்டுவதானால், களியாட்ட வரி பற்றிப் பிரதேச சபையிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தைத் தமிழில் எழுதுவது உங்கள் உரிமை; 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆனாலும் மதிப்பிடும் மேசையில் எல்லோரும் தமிழ் வாசிப்பார்கள் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. நல்ல மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கொடுத்துச் சிங்களச் சுருக்கமும் ஆங்கிலச் சுருக்கமும் வைத்திருங்கள். கணினி தரும் மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் அனுப்புவதைவிட அனுப்பாமல் விடலாம்.

படத்தை வெளியே கொண்டுசெல்வதும் இத்தகைய நிறுவனங்களின் வேலை. விழாக்களுக்குப் பரிந்துரைப்பது, சந்தைகளுக்கு அனுப்புவது எல்லாம் அதில் அடங்கும். அதை நாமே கெடுத்துக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது: படம் முடிந்த இரவே உறவினர் பார்க்கட்டும் என்று யூடியூபில் ஏற்றிவிடுவது. முதற் திரையிடல் தமக்கே வேண்டும் என்று கேட்கும் விழாக்கள் பல; அந்த ஒரு சொடுக்கில் அவை கைநழுவிப் போகும். பணம் தந்த மாமாவுக்குக் கடவுச்சொல்லோடு தனி இணைப்பு அனுப்புங்கள். கோபிப்பார், பிறகு சரியாகிவிடுவார். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா, வன்னியிலிருந்து ஒரு பஸ் ஏறினால் போய்ச்சேரும் தூரம். அதன் விதிகளையாவது முதலில் வாசியுங்கள்.

மூலப் பிரதியைக் காப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பை அடுத்த ஹெந்தளையில் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது, படச்சுருள்களும் சாம்பலாயின. இன்று எரிப்பதற்கு ஆள் வேண்டியதில்லை. ஒரேயொரு வன்தட்டில் படத்தை வைத்திருந்தால் ஒரு மின்வெட்டு போதும். இரண்டு வன்தட்டுகளை இரண்டு ஊர்களில் வையுங்கள். படத்தோடு ஒலித்தடங்கள், வசன உரை, உரிமைச் சம்மதக் கடிதங்கள், தணிக்கைச் சான்றிதழின் பிரதி ஆகியவையும் அவற்றில் இருக்கட்டும். அடுத்த படத்துக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.