சரளைச் சரிவில் வழுக்கல் நின்ற கதை

காரைக்குடிப் பக்கம் குன்றக்குடியில் ஒரு குன்று உண்டு, அது முருகனுக்கு. சரிவில் சைக்கிள் ஓட்டி இறங்க எங்களுக்குக் கண்மாய்க் கரைதான். ஆனால் அந்தச் செம்மண் சரளை லேசுப்பட்டதல்ல. குண்டுமணி போல டயருக்கடியில் உருளும். என் மவுண்டன் பைக்கின் முன்சக்கரம் ஒவ்வொரு இறக்கத்திலும் வழுக்கியது.

முதலில் காற்றைக் குறைத்தேன். 45 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்து விறைப்பாக இருந்த டயர் 30-க்கு வந்ததும் தரையைப் பிடித்தது. ரொம்பவும் இறக்கினால் கல்லில் இடித்து டியூப் பஞ்சராகும்.

அப்புறம் சீட்டைத் தாழ்த்தி, இரண்டு பெடலையும் சமமட்டத்தில் வைத்து எழுந்து நின்றேன். முழங்கையும் முழங்காலும் மடங்கியிருக்கட்டும், குதிகால் கீழே. சரிவு கூடக் கூட இடுப்பு பின்னால் போக வேண்டும். ஆனால் அளவுக்கு மீறிப் போனால் முன்சக்கரத்தில் எடை குறைந்து மறுபடி வழுக்கும். இதைப் பலர் சொல்வதில்லை.

பிரேக்தான் முக்கியம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்தும் சக்தி பெரும்பாலும் முன் பிரேக்கில்தான். அதற்குப் பயப்படாமல் இரண்டையும் ஒற்றை விரலால் மெல்ல அழுத்துகிறேன். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுகிறேன்.

புதுக் கரை என்றால் முதலில் நடந்து பார்ப்பேன். மழை அரித்த பள்ளம் மேலிருந்து தெரியாது. ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம் இல்லாமல் இறங்குவதே இல்லை.