நொட்டேஷன் மென்பொருளுக்கு விக்கிப்பீடியா கட்டுரை தேறுமா? எழுத உட்காரும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்கோர் (இசைக்குறிப்பு) எழுத ஒரு நொட்டேஷன் மென்பொருளை நாள்தோறும் பயன்படுத்துகிறீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் தேடினால் அதற்குப் பக்கமே இல்லை. நாமே போட்டுவிடலாமே என்று கை பரபரக்கும். போடலாம், தப்பில்லை. ஆனால் உட்கார்ந்து எழுதிய கட்டுரை ஒரே வாரத்தில் காணாமல் போகக்கூடாது என்றால், முதலில் இரண்டு மணி நேரம் தேடலுக்கு ஒதுக்குங்கள். கணக்கு தொடங்குவது, தொகுப்பது, மேற்கோள் சேர்ப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

மென்பொருள் நல்லதா, எத்தனை பேர் பதிவிறக்கினார்கள், இலவசமா என்பதையெல்லாம் விக்கிப்பீடியா பார்ப்பதில்லை. அது பார்க்கும் தகுதிக்குத் தமிழ் விக்கியில் 'குறிப்பிடத்தக்கமை' என்று பெயர். அந்த மென்பொருளோடு தொடர்பில்லாத, நம்பத்தக்க இடங்களில், அதைப் பற்றி யாராவது விரிவாக எழுதியிருக்கிறார்களா? கேள்வி அவ்வளவுதான். 'அந்தச் சின்ன மென்பொருளுக்குப் பக்கம் இருக்கிறதே' என்ற வாதமும் எடுபடாது; அடுத்து அந்தப் பக்கத்தையும் யாராவது நீக்கப் பரிந்துரைப்பார்கள்.

படி 2: பெயரை வைத்துத் தேடுவது (பலர் வழுக்கி விழும் இடம்)

நொட்டேஷன் மென்பொருள்களுக்குப் பெயர் வைத்தவர்கள் தேடுகிறவரை நினைத்துப் பார்க்கவே இல்லை. ஃபினாலே, ஸ்கோர், என்கோர், ஓவர்ச்சர், நோஷன், சிபேலியஸ் என்று எல்லாம் ஏற்கெனவே வேறு எதற்கோ சொந்தமான சொற்கள். ஃபினாலே என்று தேடினால் தொலைக்காட்சித் தொடர்களின் கடைசிப் பகுதி வந்து நிற்கும். நோஷன் என்றால் குறிப்பெடுக்கும் செயலி. சிபேலியஸ் என்றால் ஃபின்லாந்து இசையமைப்பாளர். 'ஒன்றுமே கிடைக்கவில்லை' என்று தவறாக முடிவு கட்டுவதும், 'ஆயிரக்கணக்கில் இருக்கிறது' என்று ஏமாறுவதும் இங்கேதான்.

மென்பொருளின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, கூடவே உருவாக்கியவர் பெயரையோ நிறுவனப் பெயரையோ சேருங்கள். ஸ்கோரோடு லேலண்ட் ஸ்மித், என்கோரோடு பாஸ்போர்ட் டிசைன்ஸ், ஓவர்ச்சரோடு ஆப்கோட் என்று தேடினால் குப்பை பெருமளவு விலகும்.

அடுத்த சிக்கல், நிறுவனப் பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பது. ஃபினாலே 1988-ல் வந்தபோது நிறுவனத்தின் பெயர் கோடா. 2000-ல் அது நெட்4மியூசிக் கைக்குப் போய், பிறகு மேக்மியூசிக் ஆனது. மேக்மியூசிக் என்று மட்டும் தேடினால் முதல் பன்னிரண்டு ஆண்டு விமர்சனங்கள் கண்ணில் படாது. இதைவிடக் குழப்பமானது சிபேலியஸ் 7. 1993-ல் ஏகார்ன் கணினிக்கு வந்த முதல் வெளியீட்டுக்கே அந்தப் பெயர்தான். 2011-ல் அவிட் நிறுவனம் விண்டோஸுக்கும் மேக்குக்கும் வெளியிட்டதும் சிபேலியஸ் 7. இரண்டும் வெவ்வேறு மென்பொருள் என்றே சொல்லலாம். எனவே விமர்சனத்தின் தேதியைப் பார்க்காமல் மேற்கோளாகச் சேர்க்காதீர்கள்.

படி 3: எங்கே தேடுவது

2000-க்கு முந்தைய மென்பொருள் என்றால் கூகுளை விட இன்டர்நெட் ஆர்க்கைவ்தான் என் தேர்வு. வருடிய பழைய கணினி இதழ்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. தலைப்பில் தேடினால் வராது; 'உரைக்குள் தேடு' என்ற தேர்வை மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்துணரியில் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் நிரல்) எழுத்துப் பிழைகள் இருக்கும் என்பதால் பெயரை இரண்டு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள்.

இசைத் தொழில்நுட்பத்துக்குப் பிரிட்டனின் சவுண்ட் ஆன் சவுண்ட் இதழ் (1985 முதல் வருகிறது), ஆய்வுப் பக்கத்துக்கு எம்ஐடி பிரஸ்ஸின் கம்ப்யூட்டர் மியூசிக் ஜர்னல், பிறகு கூகுள் புக்ஸ். கணக்குக்கு ஆறு மாதமும் 500 தொகுப்புகளும் ஆகி, கடந்த 30 நாளில் பத்துத் தொகுப்புகளும் செய்திருந்தால் விக்கிப்பீடியா நூலகம் வழியாகக் கட்டண ஆய்விதழ்கள் இலவசமாகத் திறக்கும். இந்த வசதியை ஏனோ பலரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

படி 4: சலிப்பது

ஒரு விரிதாள் திறந்து ஐந்து பத்திகள் போடுங்கள்: மூலம், தேதி, சார்பற்றதா, நம்பத்தக்கதா, விரிவானதா. உலாவியில் புக்மார்க் சேர்த்துவைப்பது போதாது. பிறகு விவாதத்தில் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டிவரும். கடைசி மூன்றிலும் 'ஆம்' வாங்கிய வரிசை மட்டுமே கணக்கில் சேரும். அப்படி மூன்று தேறினால் தைரியமாக இறங்கலாம். மூன்று என்பது சட்டமல்ல, நடைமுறையில் வாதம் நிற்கும் அளவு.

'விரிவானது' என்றால் எப்படி இருக்கும்? 'விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும், மிடி இறக்குமதி உண்டு, மியூசிக்எக்ஸ்எம்எல் ஏற்றுமதி உண்டு' என்ற வரி வெறும் பட்டியல் (மிடியும் மியூசிக்எக்ஸ்எம்எல்லும் இசையை மென்பொருள்களுக்கிடையே மாற்ற உதவும் கோப்பு வகைகள்). அப்படிப் பத்து இடத்தில் இருந்தாலும் மதிப்பு பூஜ்யம். எதிர்மாறாக, 'ஒரே கோர்டில் மூன்று ஷார்ப் வந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது, ஸ்லர் அடுத்த வரிக்குத் தாண்டும்போது கையால் இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது, தனித்தனிப் பார்ட் பிரித்தெடுப்பது மட்டும் போட்டியாளரை விட வேகம்' என்று விமர்சகர் தானே உட்கார்ந்து சோதித்து இரண்டு பக்கம் எழுதியிருந்தால், அது தங்கம். திட்டி எழுதியிருந்தாலும் தங்கம்தான்.

சார்பின்மையில் ஏமாற்றும் ஒரு வகை உண்டு: உருவாக்கியவர்களே எழுதிய ஆய்வுக் கட்டுரை. லில்லிபாண்ட் என்ற கட்டற்ற நொட்டேஷன் மென்பொருளைத் தொடங்கிய ஹான்-வென் நியென்ஹாய்ஸும் யான் நியூவென்ஹாய்ஸனும் 2003-ல் தங்கள் மென்பொருளைப் பற்றி ஒரு மாநாட்டில் கட்டுரை வாசித்தார்கள். தரமான மூலம். உள்ளே என்ன நடக்கிறது என்று விளக்க அதை மேற்கோள் காட்டலாம். ஆனால் குறிப்பிடத்தக்கமைக் கணக்கில் அது சேராது, பெற்றவர் பிள்ளையைப் பற்றிச் சொல்வது சாட்சியாகாது. (லில்லிபாண்டுக்கு வேறு மூலங்கள் ஏராளம், அதனால் அதன் பக்கத்துக்கு ஆபத்தில்லை.)

இவற்றையும் கழித்துவிடுங்கள்: செய்திக்குறிப்பை அப்படியே போட்ட தளங்கள் (ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் தேடினால் அதே வாக்கியம் நாலு இடத்தில் நிற்கும்), விற்பனையாளர் பக்கம், கமிஷன் இணைப்போடு வரும் 'சிறந்த பத்து' பட்டியல், மியூசிக்எக்ஸ்எம்எல் ஆதரிக்கும் மென்பொருள்களின் வரிசை, 'இந்த ஆய்வேட்டின் ஸ்கோர்கள் இன்னதில் அச்சுக்கோக்கப்பட்டன' என்ற அடிக்குறிப்பு. கடைசியது பயன்பாட்டுக்குச் சான்று, மென்பொருளைப் பற்றிய எழுத்து ஆகாது.

நிறுவனம் விற்கும் மென்பொருள் என்றால் சல்லடை இன்னும் நெருக்கம். நிறுவனங்களுக்கும் அவற்றின் பொருள்களுக்கும் ஆங்கில விக்கியில் தனி விதி இருக்கிறது. நேர்காணல், விலை அறிவிப்பு, புதிய பதிப்புச் செய்தி எதுவும் அங்கே தேறாது. தன்னார்வலர்கள் எழுதும் கட்டற்ற மென்பொருளுக்குப் பெரும்பாலும் பொது விதியை வைத்துப் பேசுவார்கள். மென்பொருளின் குறிப்பிடத்தக்கமைக்கென்றே விக்கியில் ஒரு பக்கம் இருக்கிறதே என்று காட்டாதீர்கள். அது ஒரு கருத்துரை மட்டுமே, விதியல்ல.

படி 5: முடிவு

மூன்று நல்ல மூலம் இருந்தால் கட்டுரை. ஒன்று மட்டும் இருந்தால் நிறுவனத்தின் பக்கத்திலோ ஒப்பீட்டுப் பட்டியலிலோ ஓரிரு வரி சேர்த்து, பெயரை அங்கே வழிமாற்றாக (தேடுகிறவரை அந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் இணைப்பாக) விடுங்கள். இதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். நாளை மூலம் கிடைத்தால் வழிமாற்றைக் கட்டுரையாக்க ஐந்து நிமிடம் போதும். ஒன்றுமே இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மென்பொருள் செத்துப்போனது ஒரு தடையே இல்லை. 2024 ஆகஸ்டில் ஃபினாலேயின் மேம்பாட்டை நிறுத்துவதாக மேக்மியூசிக் அறிவித்தது; அதனால் அந்தப் பக்கத்தின் தகுதி குறையவில்லை. ஒருமுறை குறிப்பிடத்தக்கது என்றால் என்றைக்கும் அப்படித்தான். நேற்று வெளியான மென்பொருளுக்குத்தான் கஷ்டம். விமர்சனங்கள் வரும்வரை பொறுத்திருப்பதே உத்தமம்.

படி 6: வரைவாகப் போடுங்கள்

நேரடியாக ஏற்றாமல் வரைவுவெளியில் (முடியாத கட்டுரைகளுக்கான தனி இடம்) எழுதுங்கள். ஆறு மாதம் யாரும் கை வைக்காவிட்டால் வரைவு நீக்கத்துக்குள்ளாகும், அதை மறக்க வேண்டாம். மூன்று மூலங்களையும் பேச்சுப் பக்கத்தில் ஒவ்வொரு வரி விளக்கத்தோடு இடுங்கள். அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தாலோ, சோதனைக் குழுவில் இருந்தாலோ, முதலிலேயே சொல்லிவிடுங்கள். காசு வாங்கி எழுதினால் சொல்வது கட்டாயம்.

பின்சேர்க்கை 1: கட்டுரையின் மேல் நீக்கல் வார்ப்புரு (நீக்கக் கோரும் அறிவிப்பு) விழுந்தால் அதைப் படித்துப் பாருங்கள். பொருளின் முக்கியத்துவத்தைச் சொல்லாத கட்டுரைகளை விவாதமின்றி நீக்கும் 'ஏ7' என்ற விரைவு நீக்க விதி மென்பொருளுக்குப் பொருந்தாது. தவறாகப் போட்டிருந்தால் அதைச் சுட்டிக்காட்டி மறுக்கலாம். ஆனால் உலாவியிலேயே இயங்கும் நொட்டேஷன் தளங்களை 'வலை உள்ளடக்கம்' என்று சொல்லி ஏ7-க்குள் இழுக்க வழி இருக்கிறது. விளம்பர வாடை அடித்தால், விளம்பரக் கட்டுரைகளுக்கான 'ஜி11' என்ற விரைவு நீக்க விதி எதையும் விடாது. முறையான நீக்க விவாதம் ஏழு நாள் நடக்கும். அங்கே எண்ணிக்கை பார்ப்பதில்லை, நண்பர்களைக் கூட்டி வந்து 'வைத்திருக்கவும்' போடச் சொன்னால் காரியம் கெடும். உங்கள் விரிதாளின் மூன்று வரிசைகளை அப்படியே ஒட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: அச்சில் மட்டும் உள்ள இதழை மேற்கோள் காட்டலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. இணைய இணைப்பு கட்டாயமில்லை. இதழ், மாதம், ஆண்டு, பக்க எண் போதும். ஆங்கிலத்தில் பக்கம் இருப்பதால் தமிழ் விக்கியிலும் தானாகத் தேறிவிடும் என்பது மட்டும் சரியல்ல. ஒவ்வொரு மொழி விக்கியும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்கிறது, எனவே தமிழில் தொடங்கும் முன் அங்குள்ள குறிப்பிடத்தக்கமைப் பக்கத்தைத் தனியாகப் படித்துவிடுங்கள்.