குளியலறைச் செலவையும் குப்பையையும் குறைக்க எங்கிருந்து ஆரம்பிப்பது

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருப்பதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, பச்சை இலை படம் போட்ட புது செட் ஒன்றை வாங்கி அடுக்காதீர்கள். பாதி மீதமிருக்கும் ஷாம்பூவைக் குப்பையில் போட்டால் உங்கள் பணமும் போகிறது, அதைத் தயாரிக்கச் செலவான பொருளும் வீணாகிறது. எது தீர்கிறதோ அதற்கு மட்டும் மாற்று தேடுங்கள், ஒவ்வொன்றாக.

அதுவரை செய்ய வேண்டியது, எடுக்கும் அளவைக் குறைப்பது. பற்பசையை பிரஷ் நீளத்துக்கும் பிதுக்க வேண்டியதே இல்லை, பட்டாணி அளவு பெரியவர்களுக்கே போதும். மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு ஒரு அரிசி அளவு.

கை கழுவும் திரவ சோப்பு தீர்ந்ததும் சாதாரண சோப்புக் கட்டிக்கு மாறுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் சுலபமான மாற்றம். திரவத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான், அந்தத் தண்ணீருக்காகத்தான் பிளாஸ்டிக் பாட்டிலும் பம்பும் தேவைப்படுகின்றன. கட்டி சோப்பு சொதசொதவென்று கரைந்து போகிறது என்பார்கள். அதற்குக் காரணம் அது தண்ணீரில் ஊறிக் கிடப்பது, அடியில் துளையுள்ள சோப்புப் பெட்டியில் வைத்தால் சரியாகிவிடும். கிருமிநாசினி சோப்புக்குக் கூடுதல் காசு கொடுக்கவும் வேண்டாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-இல் ட்ரைக்ளோசான் உட்பட 19 வேதிப்பொருட்களை வீட்டு உபயோக சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று தடுத்தது, ஏனென்றால் சாதாரண சோப்பைவிட அவை நோயை நன்றாகத் தடுக்கின்றன என்பதற்கு உற்பத்தியாளர்கள் போதிய ஆதாரம் தரவில்லை. இருபது விநாடி நுரைத்துத் தேய்ப்பதுதான் முக்கியம்.

தலைக்கு வரும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். ஷாம்பூ கட்டி வேறு, சோப்பு வேறு. உப்புத்தன்மை அதிகமுள்ள கடினமான தண்ணீரில் சோப்பு போட்டுத் தலை குளித்தால், தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கூந்தலில் பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும்; நல்ல ஷாம்பூ கட்டியில் அந்தத் தொல்லை இல்லை. சமையல் சோடாவால் தலை குளிக்கச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள், அது காரத்தன்மை உள்ளது, தொடர்ந்து போட்டால் முடி வறண்டு உடையும்.

சவரத்துக்கு, முழுக்க உலோகத்தால் ஆன பழைய பாணி சேஃப்டி ரேசர். வாங்கும்போது விலை கூடுதலாகத் தெரியும், ஆனால் அதற்குப் பிறகு மாற்ற வேண்டியது மெல்லிய பிளேடு மட்டும்தான். அழுத்தக் கூடாது, ரேசரின் கனமே போதும். பழைய பிளேடுகளை அப்படியே குப்பையில் போட்டால் அள்ளுகிறவரின் கையைக் கிழிக்கும், அதனால் ஒரு தகர டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் நன்றாக மூடி, பழைய இரும்பு எடுப்பவரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.

மாதவிடாய்ப் பொருட்களில்தான் பெரிய மிச்சம் இருக்கிறது, குப்பையும் இங்கேதான் அதிகம் குறைகிறது. மருத்துவத் தரமுள்ள சிலிக்கோன் கப் (பிறப்புறுப்பின் உள்ளே வைத்து இரத்தத்தைச் சேகரிக்கும் சிறு கிண்ணம்) ஒன்றைச் சரியாகப் பராமரித்தால் பல வருடங்கள் வரும். முதல் ஓரிரு மாதம் பழகச் சிரமமாக இருக்கலாம், அது இயல்பு. கையை நன்றாகக் கழுவிவிட்டுத் தொட வேண்டும், 12 மணி நேரத்துக்கு மேல் உள்ளே விடக் கூடாது, ஒவ்வொரு மாதமும் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் தண்ணீரில் கொதிக்க வைக்க வேண்டும். கருப்பையில் காப்பர்-டி வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், கப்பை இழுக்கும்போது அது நகர வாய்ப்பு உண்டு. கப் வேண்டாம் என்றால் துணி நாப்கின் இருக்கிறது. முதலில் குளிர்ந்த நீரில்தான் அலச வேண்டும். சுடுநீர் பட்டால் இரத்தத்திலுள்ள புரதம் கெட்டியாகிக் கறை போகவே போகாது. துணியை மென்மையாக்கும் திரவம் போடாதீர்கள், உறிஞ்சும் தன்மை போய்விடும். அப்புறம், வெயிலில் முழுசாகக் காயட்டும். கூச்சப்பட்டு மறைவான மூலையில் ஈரத்தோடு போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கும், இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

மூங்கில் பிரஷ் வாங்கினால், முனையில் உள்ள தூரிகை பெரும்பாலும் நைலான்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள்; அதைப் பிடுங்கிவிட்டுத்தான் கைப்பிடியை உரக்குழியில் போட வேண்டும்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள், இதை அழுத்தியே சொல்கிறேன். ஃபுளோரைடு இல்லாத வீட்டுப் பற்பொடி பற்சொத்தையைத் தடுக்காது, எலுமிச்சைச் சாறு பல்லின் எனாமலைக் கரைக்கும், கரித்தூள் தேய்க்கத் தேய்க்க எனாமல் தேயும். பல் மருத்துவரிடம் செலவழிப்பதோடு ஒப்பிட்டால் ஃபுளோரைடு பற்பசை மலிவு. வெயில் தடுப்பு கிரீமும் அப்படியே, வீட்டில் கலக்கினால் அது எவ்வளவு காக்கும் என்று அளக்க வழியில்லை. தண்ணீர் சேர்த்துக் கலக்கும் எந்த கிரீமும், கெடாமல் காக்கும் பொருள் சேர்க்காவிட்டால், சில நாட்களிலேயே கிருமி வளர்க்கும். குளித்து ஈரம் காயும் முன் கொஞ்சம் எண்ணெயோ வாசலினோ தடவினாலே வறண்ட சருமத்துக்குப் போதும்.

குளியலறையைக் கழுவ, சமையல் சோடா தூவித் தேய்க்கலாம், குழாயில் படிந்த வெள்ளை உப்புக்கு வினிகர். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்கும், ஆனால் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும், தனித்தனியாகவே பயன்படுத்துங்கள். பிளீச்சோடு மட்டும் வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். தவறிக் கலந்துவிட்டால் சுத்தம் செய்ய நிற்காமல் உடனே வெளியே வந்து கதவைத் திறந்து வையுங்கள், மூச்சுத் திணறினால் மருத்துவரிடம் போங்கள்.