பெங்களூரில் குட்டிக் குழந்தையோடு ஒரு காலை வெளியே: தூக்கத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

பாப்பாவை முதல் தடவை லால்பாக் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அவளுக்கு ஒரு வயது எட்டு மாதம். எங்கள் திட்டமோ ரொம்பப் பெரிது. கண்ணாடி மாளிகை, பாறை, ஏரி, அப்படியே மாவள்ளிப் பக்கம் டிபன், வரும் வழியில் சித்தி வீடு. கே.ஆர்.புரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பவே பத்தரை. கண்ணாடி மாளிகைக்கு இன்னும் பத்தடி இருக்கும்போது பாப்பா தரையில் ஒரு எறும்பு வரிசையைப் பார்த்துவிட்டாள். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. 1889இல் அடிக்கல் நாட்டிய மாளிகை பக்கத்திலேயே நிற்கிறது, அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டரைக்குக் கண்ணைக் கசக்கினாள். ஒரு மணிக்கு டிபன் கடை வரிசையில் நாங்கள் நிற்க, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு அலறல். சித்தி வீட்டுக்குப் போகவே இல்லை. சித்தி இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

அதற்கப்புறம் பத்துப் பதினைந்து தடவை போய் வந்துவிட்டோம். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு புதிதாக வெளியே கிளம்புகிறவர்களுக்கு, நாங்கள் இப்போது செய்கிற முறையை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: தூங்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள்

எங்கே போகலாம் என்று யோசிக்கும் முன்னால் நாலைந்து நாள் குழந்தையைக் கவனியுங்கள். பகலில் எத்தனை மணிக்குக் கண்ணைக் கசக்குகிறது, காதைப் பிடித்து இழுக்கிறது, காரணமில்லாமல் சிணுங்குகிறது? அதை போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் கை வைத்தால் அன்று சாயங்காலம் வரை வீடே அனுபவிக்கும்.

எங்கள் பாப்பாவுக்கு அந்த நேரம் பன்னிரண்டரை. அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். பன்னிரண்டு மணிக்கு வீட்டில் சோறு. அப்படியென்றால் பதினொன்றேகாலுக்குப் பூங்காவிலிருந்து கிளம்ப வேண்டும். காலை எட்டேகாலுக்கு வீட்டைப் பூட்டினால் ஒன்பதுக்கு முன்னாலேயே அங்கே இருக்கலாம். நடுவில் கிடைக்கிற இரண்டரை மணி நேரம்தான் உங்கள் சுற்றுலா, அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். காலையிலும் மதியத்திலும் இரண்டு தடவை தூங்குகிற சின்னக் குழந்தை என்றால் ஒன்றரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. வீட்டுப் பக்கத்துப் பார்க் போதும்.

இன்னொன்று. திரும்பி வரும் வழியில் வண்டியிலேயே பத்து நிமிடம் தூங்கிவிட்டால் வீட்டில் போட்டுப் படுக்கவைக்க முடியாது. அந்தப் பத்து நிமிடமே போதும் என்று எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் வரும்போது ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து, பஸ்ஸைக் காட்டி, நாயைக் காட்டி, எதையாவது கொறிக்கக் கொடுத்து எப்படியாவது விழித்திருக்க வையுங்கள்.

படி 2: ஒரே ஒரு இடம்

முதல் தடவைக்கு என் ஓட்டு கப்பன் பூங்காவுக்கு. 1870இல் அமைத்த பூங்கா. மெட்ரோ பர்ப்பிள் லைனில் அதே பெயரில் நிலையம் இருக்கிறது, இறங்கினால் பக்கத்திலேயே மரங்கள். ஞாயிற்றுக்கிழமை உள்ளே வண்டிகளை விடுவதில்லை, குழந்தை சாலையின் நடுவில் ஓடினாலும் நம் நெஞ்சு பதறாது. நாய்கள் உண்டு. பெரும்பாலும் சாதுதான், ஆனாலும் கையில் பிஸ்கெட்டோடு குழந்தையைத் தனியே விடாதீர்கள். பக்கத்திலேயே சின்னசாமி ஸ்டேடியம் இருப்பதால் மேட்ச் உள்ள நாளில் அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். கிளம்பும் முன் இதை மட்டும் பார்த்துவிடுங்கள், நாங்கள் ஒரு தடவை பார்க்காமல் போய் மாட்டிக்கொண்டோம்.

லால்பாக் இரண்டாவது. 240 ஏக்கர், முழுக்கச் சுற்றலாம் என்று கனவு காணாதீர்கள். ஒரு வாசலில் நுழைந்து அதே வாசலில் வெளியே வாருங்கள். பாறை மேல் ஏறுவது குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். முந்நூறு கோடி வருஷத்துப் பாறையாம், பாப்பா அதில் உட்கார்ந்து சிப்பரைத் தட்டிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறினால் பாறை சுடும், ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சி நடக்கும். அந்த நெரிசலில் உங்கள் குழந்தைக்குத் தெரியப்போவது முன்னால் போகிறவர்களின் முழங்கால்தான்.

விமானம் என்றால் வாய் பிளக்கிற குழந்தையாக இருந்தால் பழைய ஏர்போர்ட் ரோட்டில் எச்.ஏ.எல். அருங்காட்சியகம் இருக்கிறது, விமானங்களை வெளியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவை மூன்று வயதுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. சஃபாரி வண்டியில் ஏறிவிட்டால் நடுவில் இறங்க முடியாது, தூரமும் அதிகம். போவதாக இருந்தால் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறக்காதீர்கள். நந்தி மலை? சூரிய உதயம் பார்க்க அதிகாலை மூன்றரைக்குக் குழந்தையை எழுப்பத் தைரியம் இருக்கிறவர்களுக்கு.

படி 3: எதில் போவது

மெட்ரோ. எங்கள் வீட்டிலிருந்து கப்பன் பூங்காவுக்கு வண்டி மாறவே வேண்டாம். லால்பாக் என்றால் மெஜஸ்டிக்கில் இறங்கி கிரீன் லைன் மாற வேண்டும். அந்த நெரிசலில் ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பை என்று தனி ஆளாகப் போகாதீர்கள். எஸ்கலேட்டரில் குழந்தையைக் கண்டிப்பாகத் தூக்கிக்கொள்ளுங்கள். மெத்தென்ற ரப்பர் செருப்பு ஓரத்தில் மாட்டி இழுத்துவிடும். ஸ்ட்ரோலர் இருந்தால் லிஃப்ட்தான். எங்கள் அனுபவத்தில் ஸ்ட்ரோலர் பூங்காவுக்குள் சொர்க்கம், வெளியே நடைபாதையில் நரகம். நாங்கள் இப்போது குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்கிற கேரியரோடு சரி.

ஸ்கூட்டர்காரர்களுக்கு: முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப் போவதை இந்த ஊரில் தினமும் பார்க்கிறோம், நானும் செய்திருக்கிறேன். நான்கு வயதுக்குள்ளான குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாரும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2023 பிப்ரவரி முதல் விதியே இருக்கிறது. வாரை வாங்கிப் போட்ட அன்றைக்குத்தான், அதுவரை ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் என் முழங்கால் எப்படி இறுகியிருந்தது என்று எனக்கே தெரிந்தது.

கார் அல்லது கேப் என்றால் கிளம்பும் முன் பால் கொடுக்காதீர்கள். ஹெப்பால் மேம்பால வளைவில் பாப்பா என் சட்டையில் முழுவதையும் திருப்பிக் கொடுத்தாள். டிரைவர் அண்ணா ஒரு வார்த்தை பேசாமல் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். அன்றிலிருந்து பாலுக்கும் பயணத்துக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் விடுகிறோம், எனக்கும் ஒரு மாற்றுச் சட்டை பையில் உண்டு.

படி 4: பை

இரவே கட்டி வாசலில் வையுங்கள். டயப்பர் மூன்று, வைப்ஸ், குழந்தைக்கு இரண்டு செட் உடை, தொப்பி, ஒரு மெல்லிய ஸ்வெட்டர். பெங்களூர்க் காலையை நம்ப முடியாது. ஏப்ரல், மே என்றால் மதியத்துக்கு மேல் திடீர் மழை, அதற்கொரு குடை. காலி பிளாஸ்டிக் கவர் இரண்டு.

இதில் தங்கம் மாதிரி ஒரு பொருள் உண்டு என்றால் அது ரப்பர் ஷீட். ஆமாம், பிறந்த குழந்தைக்குக் கீழே விரித்தோமே, பரணில் கிடக்கிற அதே நீல ஷீட். பூங்காவில் டயப்பர் மாற்ற மேஜை தேடி அலைவதைவிட, ஒரு மரத்தடியில் இதை விரித்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. மழை விட்ட பிறகு ஈரப் புல்லில் உட்காரவும் அதுதான்.

படி 5: டப்பா

நெய் தடவிய குட்டி இட்லி. கையில் பிடித்துத் தின்னலாம், ஒழுகாது, சட்னி தேவையில்லை. தயிர் சாதம் கொண்டுபோனால் தயிரில் பிசையாதீர்கள். ஆறின பாலில் குழையப் பிசைந்து மேலே ஒரு ஸ்பூன் தயிர் விடுங்கள், பதினோரு மணிக்குத் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். ஏலக்கி வாழைப்பழம் இரண்டு. திராட்சை என்றால் நீளவாக்கில் நாலாகக் கீறிக் கொடுங்கள், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். பூங்கா வாசலில் விற்கும் வேர்க்கடலைக்கும் பாப்கார்னுக்கும் இதே ஆபத்துதான். பாட்டி தாத்தா கூட வந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "ஒரே ஒரு கடலைதானேடா" என்று கை நீளும்.

படி 6: அங்கே போன பிறகு

கிளம்பும்போதே வாசலில் நிறுத்தி ஒரு போட்டோ எடுங்கள். ஒருவேளை கூட்டத்தில் காணவில்லை என்றால் என்ன சட்டை போட்டிருந்தது என்று அந்த நேரத்தில் ஞாபகம் வராது. போன் நம்பரை பால்பாயிண்ட் பேனாவால் குழந்தையின் முன்கையில் எழுதுகிறோம், அம்மா அதைப் பார்த்து "என்னடா மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி" என்றாள். எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இரண்டு பெரியவர்கள் இருக்கும்போதுதான் குழந்தை தொலையும். அவர் பார்க்கிறார் என்று இவர், இவர் பார்க்கிறார் என்று அவர். அதனால் நாங்கள் வாயால் சொல்லி மாற்றிக்கொள்கிறோம்: "இப்ப உன்கிட்ட." "ம், என்கிட்ட." பதில் வராதவரை பொறுப்பு கைமாறவில்லை.

மற்றபடி குழந்தை எங்கே உட்காருகிறதோ அங்கே உட்காருங்கள். அணில், உதிர்ந்த பூ, குழாயடித் தண்ணீர். பதினொன்றுக்கு அலாரம் வைத்திருங்கள். அடித்ததும் "போலாம்" என்று தூக்கினால் போர். "மரத்துக்கு டாட்டா, அணிலுக்கு டாட்டா" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வாசல் வரை வந்தால் ஓரளவு சமாதானமாக வரும். ஓரளவுதான்.

படி 7: வீட்டுக்கு வந்ததும்

கை கால் கழுவி, சோறு ஊட்டி, படுக்க வையுங்கள். குழந்தை தூங்கிய கையோடு பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காலி செய்யுங்கள், "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று மூலையில் வைக்காதீர்கள். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை அப்படி வைத்த பையை புதன்கிழமை திறந்தேன். ரப்பர் ஷீட்டுக்கு அடியில், பாதி கடித்த ஏலக்கி வாழைப்பழம். எறும்பு வரிசையாக வந்துகொண்டிருந்தது. பாப்பா பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.