சீலம்பூர் சந்துகளில் ஈயப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லி சீலம்பூரில் பழைய கம்ப்யூட்டரும் போனும் உடைக்கிற சந்துகளுக்கு, குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் பார்க்கப் புதிதாக வருகிறவர்கள் நாங்கள் அந்தக் காலத்தில் சொதப்பிய இடத்திலேயே சொதப்புகிறார்கள். கையுறை, ஊசி எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள், அதை விடுகிறேன்.

சோப்பு போடாமல் விரலில் குத்துவது

பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. போர்டிலிருந்து சால்டரை (பாகங்களை ஒட்டவைக்கும் ஈயப் பற்றாசு) உருக்கி எடுக்கிற வீட்டில் ஈயத்தூசி குழந்தையின் நகக்கண் வரை இருக்கும். கையடக்கக் கருவிக்கு வேண்டியதோ ஓரிரு சொட்டு ரத்தம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். அந்த அளவில், ஒரு சொட்டில் இருக்கும் ஈயம் ஒரு கிராமை நூறு கோடி கூறு போட்டதில் இரண்டு மூன்று கூறுதான். விரல் தூசி துளி கலந்தாலும் எண் எங்கேயோ போய்விடும். ஸ்பிரிட் பஞ்சு மட்டும் போதாது.

ஒரு வீட்டில் இப்படித்தான் 40-ஐத் தாண்டியது. கூட வந்த பையன் வாசலிலேயே எண்ணைச் சொல்லிவிட்டான். அந்த அம்மா கடன் வாங்கிக் குழந்தையைத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே கை நரம்பில் எடுத்த ரத்தத்தில் வந்தது 7. அதுவும் சும்மா விடுகிற அளவில்லை, ஆனால் அப்புறம் யார் கேட்பார்கள்? பொய்க் கணக்கு என்று தெரு முழுக்கப் பேச்சு. பட்டறைக்கு மேலேயே குடியிருந்தவர்கள் எங்களுக்குக் கதவைத் திறக்கவே இல்லை.

சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். கழுவிய கை தரையைத் தொட்டால் மறுபடி கழுவுங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். எண் கூடுதலாக வந்தால், நரம்பில் எடுத்து உறுதிசெய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். வாசலில் நின்று பயமுறுத்தாதீர்கள்.

பட்டறை இல்லாத வீட்டை விட்டுவிடுவது

அப்பாவின் சட்டையில் தூசி வீட்டுக்கு வரும்.

துடைப்பத்தால் பெருக்கச் சொல்வது

கூடாது, தூசி பறக்கும். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

எண் இறங்கியதும் ஃபைலை மூடுவது

புதிதாக ஈயம் சேராவிட்டால், ரத்தத்தில் இருப்பது ஒரு மாதத்தில் ஏறக்குறைய பாதியாகும். எலும்பில் பல வருடம் தங்கி, மெல்ல மெல்ல ரத்தத்துக்குத் திரும்பும்.

ஈயத்தை மட்டும் பார்ப்பது

இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தைக் கூடுதலாக இழுக்கும். அதனால் நரம்பில் ரத்தம் எடுக்கும்போதே ஹீமோகுளோபினுக்கும் எழுதிக் கொடுங்கள். பழைய பேட்டரிகளில் இருக்கும் காட்மியமும் நச்சு உலோகம்தான்; அது நாள்பட உடம்பில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் வேண்டும். பாட்டிலை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.