பல பூனைகள் வாழும் வீட்டில் அவசரமாக விழுங்கும் பூனை: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை விளக்கம்

ஒரே வீட்டில் இரண்டு மூன்று பூனைகளை வளர்ப்பவர்களில் பலர், அவற்றுள் ஒன்று மட்டும் தட்டில் வைத்த தீனியை மூச்சுவிடாமல் விழுங்கிவிட்டு, சிறிது நேரத்தில் அதை முழு மணிகளாகவே தரையில் கக்கிவைப்பதைப் பார்த்திருப்பார்கள். உடனே கடைக்குச் சென்று, உள்ளே மேடுபள்ளங்கள் கொண்ட மெதுவூட்டுத் தட்டு ஒன்றை வாங்கிவருவதே வழக்கமாக இருக்கிறது. அந்தத் தட்டு பயனுள்ளதுதான். ஆனால் அதை முதலில் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. பூனை எதைப் பார்த்து அவசரப்படுகிறதோ அதை அதன் கண்ணிலிருந்து மறைத்த பின்னரே தட்டை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். புதுச்சேரி, கடலூர்ப் பகுதி வீடுகளில் கையில் உள்ள பொருள்களைக் கொண்டே இதைச் செய்யும் முறையைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

காரணம்

வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனியாக வேட்டையாடித் தனியாகவே தின்னும் விலங்கு. எலியும் சிறு பறவையும் போன்ற சின்ன இரைகளை நாள் முழுவதும் பலமுறை பிடித்துத் தின்பது அதன் வாழ்க்கைமுறை. நம் வீட்டுப் பூனையின் இரைப்பையும் அந்த அளவுக்கே ஏற்றதாக இருக்கிறது. நாமோ, பந்தியில் இலை போட்டது போல மூன்று தட்டுகளை அடுத்தடுத்து வைத்து, காலையில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் நிறையக் கொட்டுகிறோம். அருகில் இன்னொரு பூனையின் தலை தெரியும்போது, தன் பங்கு பறிபோவதற்குள் தின்றுவிட வேண்டும் என்று அஞ்சும் பூனை விழுங்கத் தொடங்குகிறது. உலர்தீனி மணிகள் ஈரத்தில் ஊறி உப்புவதாலும், மணிகளோடு காற்றும் உள்ளே போவதாலும் இரைப்பை திடீரென விரிந்து, தின்றது மேலே வந்துவிடுகிறது.

பூனையின் பற்கள் இறைச்சியை அறுப்பதற்கானவை, அரைப்பதற்கானவை அல்ல. ஆகவே அது மணிகளை முழுதாக விழுங்குவதைப் பார்த்த மாத்திரத்தில் கவலைப்பட வேண்டியதில்லை. தட்டு எத்தனை விரைவில் காலியாகிறது என்பதையும், அதன் பிறகு என்ன நடக்கிறது என்பதையுமே கவனிக்க வேண்டும்.

முதல் படி: தலையிடாமல் பார்த்தல்

கைப்பேசியை ஓர் அலமாரியில் சாய்த்து வைத்து, தீனி வைக்கும் நேரத்தைச் சில நாள்கள் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். நீங்கள் அருகில் நிற்கும்போது பூனைகள் நடந்துகொள்ளும் விதம் வேறாக இருக்கும் என்பதால், அறையை விட்டு வெளியே வந்துவிடுவது நல்லது. எந்தப் பூனை முதலில் முடிக்கிறது, முடித்ததும் எந்தத் தட்டுக்குப் போகிறது, எது தின்பதை நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சீறலும் அடிதடியும் இல்லாததால் பூனைகளுக்குள் பகை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பூனைகளின் மிரட்டல் பெரும்பாலும் ஓசையற்றது. வாசற்படியின் குறுக்கே ஒன்று படுத்திருப்பதும், இமைக்காமல் மற்றொன்றை உற்றுப் பார்ப்பதும் போதும். மற்றது காதைப் பின்னுக்கு மடித்து, உடலைத் தரையோடு தாழ்த்தி, தட்டின் அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து நின்று, எதிரியை ஒரு கண்ணால் பார்த்தபடியே விழுங்கும். இந்தக் காட்சி பதிவில் தெரிந்தால் உங்கள் வீட்டுக் காரணம் கிடைத்துவிட்டது.

சில வீடுகளில் அச்சுறுத்தல் வெளியிலிருந்து வரும். தெருவில் திரியும் கடுவன் பூனை திண்ணையில் ஏறி சன்னல் கம்பிக்கு அப்பால் உட்கார்ந்திருந்தால், உள்ளே இருப்பவை அவசரப்படத்தான் செய்யும். சன்னலின் கீழ்ப்பாதியைத் துணியால் மறைப்பதே அதற்குப் போதுமான தீர்வு.

இரண்டாம் படி: கக்குவதா, வாந்தியா?

தின்ற சில நிமிடங்களில், வயிற்றை எக்காமல், தலையைத் தாழ்த்தியவுடன் குழாய் வடிவில் செரிக்காத தீனி வெளியே வந்தால் அது கக்குவது. வயிறு பலமுறை எக்கி, எச்சில் வடிந்து, மஞ்சள் நீரோ பாதி செரித்த கூழோ வந்தால் அது வாந்தி. அவசரத்தால் இரண்டும் வரலாம் என்றாலும், வாந்திக்கு வேறு நோய்க் காரணங்கள் ஏராளமாக உண்டு.

அவசரத் தீனிக்கும் நோய் காரணமாக இருக்கக்கூடும். ஆசனவாயைச் சுற்றியோ படுக்கையிலோ அரிசிமணி போன்ற துண்டுகள் தென்பட்டால் அவை நாடாப்புழுவின் பகுதிகள். தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவும் புழு என்பதால் இரண்டுக்கும் மருந்து தேவை. பத்து வயதைக் கடந்த பூனை ஓயாமல் தின்றும் மெலிந்துகொண்டே போனால் தைராய்டு மிகைச் சுரப்பையும், அதோடு தண்ணீரும் நிறையக் குடித்தால் நீரிழிவையும் மருத்துவர் சோதித்துப் பார்ப்பார். ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொள்ளும் பூனைக்கும் பசி கூடும். நீண்ட நாள்களாக நிதானமாகத் தின்ற பூனை திடீரென விழுங்கத் தொடங்கினால், கீழ்க்கண்ட படிகளைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மூன்றாம் படி: கண்ணிலிருந்து மறைத்தல்

இதுவே இந்தச் செய்முறையின் மையம். ஒவ்வொரு பூனைக்கும் தனி இடம் ஒதுக்கி, ஓர் இடத்திலிருந்து பார்த்தால் இன்னொரு பூனை தெரியாதபடி அமைக்க வேண்டும். முற்றமும் தாழ்வாரமும் உள்ள பழைய வீடுகளில் இது எளிது: ஒன்றுக்குக் கூடம், ஒன்றுக்குத் தாழ்வாரத்தின் கோடி, ஒன்றுக்கு மாடிப்படியின் மேல்திருப்பம் என்று பிரித்துவிடலாம். இரண்டு அறை மட்டுமே கொண்ட அடுக்குமாடி வீட்டில் உயரத்தைப் பயன்படுத்துங்கள். பயந்த பூனைக்கு அலமாரியின் மேல்தட்டிலோ உறுதியான மேசையிலோ தீனி வைத்தால், மற்றது ஏறி வருவதை முன்கூட்டியே பார்க்க முடியும் என்ற தைரியத்தில் அது நிதானமாகத் தின்னும். ஆனால் மூட்டுவலி உள்ள வயதான பூனையை ஏறவைக்கக் கூடாது. அதற்குத் தரையிலேயே கதவடைத்த அறைதான் ஏற்றது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூலையைப் பார்த்துத் தட்டை வைக்காதீர்கள். சுவரைப் பார்த்தபடி தின்னும் பூனைக்கு முதுகுப்பக்கம் காவல் இல்லை. தட்டைச் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் தள்ளி வைத்தால், பூனை சுவருக்கும் தட்டுக்கும் நடுவே நின்று அறையைப் பார்த்தவாறு தின்ன முடியும். இந்தச் சிறு மாற்றமே சில பூனைகளின் வேகத்தைக் குறைத்துவிடுவதுண்டு.

இடமே இல்லாதவர்கள், பூனையைத் தூக்கிச் செல்லும் கூண்டுகளைத் தீனி அறைகளாக்கலாம். முதலில் கதவைத் திறந்தே வைத்து உள்ளே தீனி வையுங்கள். பூனை தயங்காமல் நுழையத் தொடங்கிய பிறகு, தின்னும் நேரத்துக்கு மட்டும் கதவைச் சாத்தி, எல்லாப் பூனைகளும் தின்று முடித்தவுடன் திறந்துவிடுங்கள். கூண்டுகளின் வாய்கள் ஒன்றையொன்று நோக்காமல் இருக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை நம் பகுதிக்காரர்களுக்கு நான் வலியுறுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திண்ணையும் முற்றமும் நனைந்துவிட, எல்லாப் பூனைகளும் ஓர் அறைக்குள் முடங்குகின்றன. 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் கரையைக் கடந்தது இந்தக் கரையோரத்தில்தான். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் நேரத்தில் கூண்டைக் கண்டதும் ஓடி ஒளியாமல் தானாகவே உள்ளே போகும் பூனையைக் காப்பாற்றுவது எளிது.

எல்லாத் தட்டுகளையும் ஒரே நேரத்தில் வைத்து, இருபது நிமிடங்களுக்குப் பிறகு ஒரே நேரத்தில் எடுத்துவிடுங்கள். முதலில் முடித்த பூனை மற்றவற்றின் தட்டுகளுக்குப் போக முடியாதபடி கதவு அதுவரை சாத்தியே இருக்கட்டும். குட்டித் தீனியும் சிறுநீரக நோய்க்கான தீனியும் ஒரே வீட்டில் இருந்தால் இந்த ஒழுங்கு கட்டாயமாகிறது. உடலில் பொருத்திய மைக்ரோசிப்பை அறிந்து உரிய பூனைக்கு மட்டும் மூடி திறக்கும் கருவிகளும் விற்கின்றன. விலை மிக அதிகம் என்பதால், பகல் முழுவதும் வீட்டில் ஆளில்லாதவர்களுக்கு மட்டுமே நான் அவற்றைப் பரிந்துரைப்பேன்.

நான்காம் படி: அளந்து பிரித்தல்

சுமார் 4 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 முதல் 240 கிலோகலோரி வரை தேவைப்படும். பெரும்பாலான உலர்தீனிகள் 100 கிராமுக்கு 350 முதல் 400 கிலோகலோரி தருவதால், நாள் அளவு ஏறத்தாழ 50 முதல் 70 கிராமுக்குள் அடங்கும். உங்கள் பாக்கெட்டில் அச்சிட்டுள்ள அளவையும் பாருங்கள். கையால் அள்ளிப் போடுவதை விட்டுவிட்டு, டிஜிட்டல் தராசில் நிறுத்து, காலையிலேயே ஒவ்வொரு பூனைக்கும் ஒரு டப்பாவில் போட்டுவிட்டால், வீட்டில் யார் தீனி வைத்தாலும் அளவு மாறாது. அந்த அளவை நான்கு வேளைகளாகப் பிரித்தால் ஒரு வேளைக்குச் சுமார் 15 கிராம்தான் வரும். அதை எத்தனை அவசரமாக விழுங்கினாலும் இரைப்பை நிரம்பி வழியாது. வேலைக்குச் செல்பவர்கள் காலை, மாலை, இரவு என மூன்று வேளையாவது வைக்கலாம்.

ஐந்தாம் படி: தட்டை மாற்றுதல்

மறைப்பு சரியாக அமைந்த பிறகே இந்தப் படிக்கு வாருங்கள். பகைப் பூனை எதிரே நிற்கும் அறையில் மெதுவூட்டுத் தட்டை வைத்தால், அஞ்சும் பூனை அந்த அச்சத்தோடேயே இன்னும் அதிக நேரம் அங்கே நிற்க வேண்டியதாகிறது. சில பூனைகள் அதைத் தாங்காமல் தின்பதையே விட்டுவிடும்.

புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. பழைய இரும்புப் பணியாரக்கல் மிகச் சிறந்த மெதுவூட்டுத் தட்டு. அதன் கனத்தால் பூனை அதைத் தள்ளவோ கவிழ்க்கவோ முடியாது. குழிக்கு ஏழெட்டு மணிகளாகப் போட்டால், ஒரு குழியைத் தீர்த்துவிட்டுத் தலையைத் தூக்கி அடுத்ததற்குப் போக வேண்டியிருக்கும். அந்தக் கல்லைப் பூனைகளுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். பூச்சு உரிந்த நான்ஸ்டிக் கல் வேண்டாம். இரும்பில் ஈரத்தீனி வைத்தால் துருப்பிடிக்கும் என்பதால், அதற்கு எவர்சில்வர் இட்லித் தட்டைப் பயன்படுத்தலாம். அது வழுக்கிக்கொண்டு ஓடாமலிருக்க அடியில் ஈரச்சாக்கை விரியுங்கள். பெர்ஷியன் போன்ற சப்பை முகப் பூனைகளால் குழிக்குள் வாயை நுழைக்க முடியாது. அவற்றுக்கு அகன்ற தட்டில் மணிகளைப் பரப்பி வைப்பதே பொருந்தும்.

சாதாரணக் கிண்ணத்தின் நடுவே கூழாங்கல் வைக்கும் முறையும் பயன்தரும். கல் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரியதாகவும் வழுவழுப்பாகவும் இருக்க வேண்டும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகள் நாக்கைக் கிழித்துவிடும் என்பதால் அவற்றைத் தவிருங்கள்.

ஈரத்தீனியை அகன்ற தட்டில் கரண்டியின் முதுகால் மெல்லியதாகத் தேய்த்துவிட்டால், பூனை கவ்வ முடியாமல் நக்கியே தின்ன வேண்டியிருக்கும். உலர்தீனியில் சுமார் 10 விழுக்காடு மட்டுமே நீர் இருக்க, ஈரத்தீனியில் 75 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், இறங்கிய பிறகு ஊறி உப்பிப் பெருகும் தொல்லை இல்லை. ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அது விரைவில் கெட்டுவிடும். அரைமணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். எறும்புக்குத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே வைப்பதே போதும். எறும்புப்பொடி தூவ வேண்டாம்.

ஆறாம் படி: மீன் வாங்கும் நேரம்

மீன்காரம்மா கூடையை இறக்கியதுமே பூனைகள் வாசலுக்கு ஓடிவருவது நம் பகுதியில் அன்றாடக் காட்சி. அரிவாள்மனையின் அடியில் செவுளும் குடலும் விழ விழ, மூன்று பூனைகள் உறுமிக்கொண்டே ஆளுக்கொன்றாகக் கவ்வி, அடுத்த துண்டு விழுவதற்குள் விழுங்கிவிடப் போட்டியிடும். வீட்டுக்குள் எத்தனை ஒழுங்கு செய்திருந்தாலும், நாள்தோறும் வாசலில் இந்தப் போட்டி நடந்தால் விழுங்கும் பழக்கம் போகாது. ஆகவே மீன் வரும் நேரத்துக்குச் சற்று முன்னதாகவே பூனைகளுக்கு ஒரு வேளைத் தீனியை வைத்து, மீனை அரிந்து முடிக்கும்வரை உள்ளே அடைத்து வையுங்கள். கழிவை வாசலில் வீசாமல் பாத்திரத்தில் சேர்க்கச் சொல்லலாம். கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

மீன் கொடுக்க விரும்பினால் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, முள்ளை நீக்கி, உதிர்த்து, ஒவ்வொன்றின் இடத்திலும் தனித்தனியாக வையுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் மீன்குழம்புச் சோறு கூடவே கூடாது. மத்தி, நெத்திலி போன்ற சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அது செயலிழந்துவிடும்.

மாற்றத்துக்குப் பிறகு

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் வாரம் இடத்தை மட்டும் மாற்றி, அடுத்த வாரம் வேளைகளைப் பிரித்து, அதன் பிறகு தட்டை மாற்றினால், எந்த மாற்றம் பயன்தந்தது என்பதும் தெளிவாகத் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை, பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் எந்திரத்தில் ஏறி, உங்கள் எடையைக் கழித்து எழுதிவையுங்கள். விழுங்கிய பூனை மெலிகிறதா என்பதோடு, இதுவரை பங்கை இழந்த பூனை தேறுகிறதா என்பதையும் அந்தக் குறிப்பு காட்டும்.

புதிய தட்டைக் கண்டு ஒரு பூனை தின்ன மறுத்தால், பட்டினி கிடந்து வழிக்கு வரட்டும் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள்கள் தின்னாத பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாள் முழுவதும் தின்னவில்லை என்றாலும், ஒரே நாளில் பலமுறை வாந்தி எடுத்தாலும், வாந்தியில் இரத்தமோ நூலோ தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது; வாயில் நூல் தொங்கினால் அதை இழுக்கவும் கூடாது. புதுச்சேரியில் உள்ளவர்கள் குரும்பாப்பேட்டையில் இயங்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும், கடலூரில் உள்ளவர்கள் அரசு கால்நடை மருத்துவமனைக்கும் கொண்டு செல்லலாம். முதல் படியில் எடுத்த காணொளியையும், எடைக் குறிப்பையும், பூனை வெளியே தள்ளியதன் படத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். கக்கியதா வாந்தியா என்று வாயால் விவரிப்பதைவிட, வயிறு எக்குவது பதிவான அரை நிமிடக் காணொளி மருத்துவருக்கு அதிகம் உதவும்.