நண்பர்கள் வீட்டு சோபாவில் தூங்கி ஐரோப்பா சுற்றுவது எப்படி

முதலில் வரைபடத்தை மூடி வைத்துவிட்டு, போனில் இருக்கும் பெயர்ப் பட்டியலைத் திறங்கள். லைப்சிக்கில் மேற்படிப்பு படிக்கும் கல்லூரி நண்பன், ஆம்ஸ்டர்டாமுக்கு மாறிப்போன பழைய ஆபீஸ் தோழி, கல்யாணமாகி வியன்னா போன அத்தை பெண் என்று யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் பாதி வழித்தடம் அங்கேயே கிடைத்துவிடும். பாரிஸ், வெனிஸ், ரோம் என்று பார்க்க வேண்டிய இடங்களில் தொடங்கி, அப்புறம் அங்கே ஆள் தேடினால் கிடைப்பது பாதி ஹோட்டல் செலவும் பாதி மனக்கசப்பும்தான். நான் போன 19 நாள் பயணம் ஆம்ஸ்டர்டாம், லைப்சிக், பிராக், வியன்னா, புடாபெஸ்ட் என்று அமைந்ததற்கு ஒரே காரணம் அதில் மூன்று ஊர்களில் எனக்கு ஆள் இருந்ததுதான். நடுவில் வந்த பிராகிலும் கடைசியில் புடாபெஸ்டிலும் ஹாஸ்டல் (பயணிகள் தங்கும் மலிவு விடுதி) எடுத்தேன், அதுவும் வேண்டுமென்றே. தொடர்ந்து மூன்று வீடுகளில் விருந்தாளியாக இருந்தால் சிரித்துச் சிரித்தே களைத்துவிடுவோம். நடுவில் இரண்டு ராத்திரி யாருக்கும் பதில் சொல்லாமல் கிடக்க ஒரு இடம் வேண்டும்.

அடுத்தது கேட்கும் விதம். "ஐரோப்பா வரேன், பார்க்கலாமா?" என்று மெசேஜ் போட்டால் எதிராளி என்ன பதில் சொல்வார்? "கண்டிப்பா வா" என்பார். அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை ராத்திரி, எத்தனை மணிக்கு ஊருக்குள் வருவீர்கள் என்று மூன்றையும் ஒரே மெசேஜில் சொல்லுங்கள். கூடவே அவர் மறுப்பதற்கும் ஒரு வழி விடுங்கள்: "உனக்கு அந்த வாரம் வசதிப்படலைன்னா தயங்காம சொல்லு, பக்கத்துல ஹாஸ்டல் பார்த்துக்கறேன், சாயங்காலம் சேர்ந்து சாப்பிடலாம்." இந்தக் கடைசி வரி இருந்தால்தான் உண்மையான பதில் வரும். அவர் எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார் என்பதையும் கேட்டுவிடுங்கள். ஜெர்மனியில் மாணவர்களும் இளைஞர்களும் பெரும்பாலும் வேகே என்று சொல்லப்படும் பங்கு வீடுகளில் இருப்பார்கள், ஆளுக்கொரு அறை, சமையலறையும் குளியலறையும் பொது. அங்கே நீங்கள் ஒருவருக்கு நண்பர், மற்ற இரண்டு மூன்று பேருக்குக் குளியலறையை அடைத்துக்கொள்ளும் அந்நியர். அவர்களிடமும் கேட்டாயா என்று நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. மாணவர் விடுதி என்றால் விருந்தாளி தங்குவதற்குத் தனி விதி இருக்கும், அதை அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

எத்தனை ராத்திரி? என் கணக்கு மூன்று. அதில் ஒன்றாவது வெள்ளியோ சனியோ ஆக இருக்கட்டும், ஏனென்றால் வார நாள்களில் அவருக்கு வேலை இருக்கும், உங்களோடு சேர்ந்து சுற்ற முடியவில்லையே என்ற குற்றவுணர்ச்சியும் சேர்ந்து இருக்கும்.

பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசாவான ஷெங்கன் விசா தேவைப்படுகிறவர்கள் இதற்கு முன்பே ஒரு வேலை பார்க்க வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், நாள்கள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஒவ்வொரு ராத்திரியும் எங்கே தூங்குவீர்கள் என்று காட்ட வேண்டியிருக்கும், நண்பர் வீட்டில் தங்குவதில் சிக்கலே இங்கேதான் வரும். பிரான்சில் தனியார் வீட்டில் தங்குவதென்றால் உங்கள் நண்பர் தன் ஊர் நகர்மன்றத்துக்குப் போய் 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற சான்றிதழ் வாங்கி, அதற்கு 30 யூரோ கட்டி, மூலப் பிரதியை உங்களுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். ஸ்பெயினில் அதே மாதிரி ஒன்றைப் போலீசில் வாங்க வேண்டும். ஜெர்மனியில் உங்கள் செலவை நண்பர் ஏற்றுக்கொள்வதாக இருந்தால் வெளிநாட்டினர் அலுவலகத்தில் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தர வேண்டும், அதில் கையெழுத்துப் போட்டால் உங்களால் வரும் செலவுக்கு அவர்தான் சட்டப்படி பொறுப்பு. அதனால் செலவை நீங்களே பார்த்துக்கொள்ள முடியுமானால் அந்தப் பத்திரத்தைக் கேட்காதீர்கள், நட்புக்கு அது பெரிய சுமை. இத்தாலியில் இன்னொரு விஷயம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத ஒருவரை வீட்டில் தங்கவைத்தால் 48 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல் துறைக்கோ நகர நிர்வாகத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை, தவறினால் அபராதமும் அவருக்குத்தான். பலருக்கு இது தெரியாது, நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும்.

எந்த 180 நாளிலும் 90 நாள்தான் ஷெங்கன் நாடுகளில் இருக்கலாம் என்ற வரம்பை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவு-வெளியேற்ற முறையில் கைரேகையும் முகப்படமும் எடுத்துவிடுகிறார்கள், நாள்களைக் கணினியே எண்ணிக்கொள்ளும். ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனை கிடையாது என்று நம்பி பாஸ்போர்ட்டை நண்பர் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் பக்கத்து நாட்டுக்கு ஒரு நாள் போய்வரக் கிளம்பாதீர்கள். ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையைக் கொண்டுவந்தது, ரயிலிலேயே போலீஸ் ஏறிக் கேட்பார்கள்.

சரி, ரயில். யூரெயில், இன்டர்ரெயில் இரண்டும் பல நாட்டு ரயில்களில் ஏறவிடும் ஒரே பாஸ்தான், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு யூரெயில், ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பது கணக்கில்லை, எங்கே வசிக்கிறீர்கள் என்பதே கணக்கு. ஆனால் பாஸ் என்றதும் மயங்கிவிடாதீர்கள். பிரான்சின் டிஜிவி, யூரோஸ்டார், இத்தாலி மற்றும் ஸ்பெயினின் அதிவேக ரயில்கள் இதிலெல்லாம் பாஸ் இருந்தாலும் ரிசர்வேஷனுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும், சில ரயில்களில் பாஸ்காரர்களுக்கான இடம் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து பக்கம் பெரும்பாலான உள்நாட்டு ரயில்களில் அப்படியே ஏறி உட்காரலாம். என்னைப்போல நாலைந்து பயணம், தேதியெல்லாம் நண்பர்களோடு பேசி முடிவானது என்றால், ஒன்றிரண்டு மாதம் முன்னாலேயே தனித்தனி டிக்கெட் எடுப்பது பாஸைவிட மலிவாகவே வரும். வாங்குவதற்கு முன் ஒரு ராத்திரி உட்கார்ந்து இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

லைப்சிக்கிலிருந்து பிராக் போகிறவர்கள் டிரெஸ்டனில் மாறி ஏறும்போது இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். எல்பே ஆறு கூடவே வரும், மறு கரையில் மணற்பாறைகள் கோட்டைச் சுவர் மாதிரி நிற்கும். அந்த வழியில் புத்தகத்தைத் திறந்துவைத்திருந்த எனக்கு ஒரு பக்கம்கூட நகரவில்லை. பிராகிலிருந்து வியன்னா நாலு மணி நேரம், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள். இந்தத் தூரத்துக்கெல்லாம் விமானம் ஏறுவது வீண். மலிவு விமானங்களில் பாதி, ஊர்ப் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு வேறெங்கோ இறக்கும். பாரிஸ் என்று விற்கப்படும் போவே விமான நிலையத்திலிருந்து பாரிசுக்கு 80 கிலோமீட்டருக்கு மேல், பிராங்பர்ட்-ஹான் பிராங்பர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர். பஸ் காசும் நேரமும் சேர்த்தால் ரயிலே தேவலை.

ரயில் தாமதமானால் டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சேருமிடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் தாண்டினால் 50 சதவீதம் திருப்பிக் கேட்கலாம்.

ராத்திரி பஸ்தான் எல்லாவற்றிலும் மலிவு, ஆனால் அது காலை ஐந்து மணிக்கு இறக்கிவிடும். அந்த நேரத்தில் யார் வீட்டு மணியை அடிப்பீர்கள்? நண்பர் வீட்டில் தங்குகிறவர்கள் டிக்கெட்டின் விலையைப் பார்ப்பதற்கு முன் சேரும் நேரத்தைப் பார்க்க வேண்டும். வார நாளில் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதுக்குள் போய்ச் சேர்வது நல்லது. ராத்திரி பஸ்ஸையும் இரவு ரயிலையும் ஹாஸ்டல் எடுத்திருக்கும் ஊர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பையை அங்கே போட்டுவிட்டு ஊர் சுற்றலாம்.

பை 40 லிட்டர், எட்டு கிலோவுக்குள். உருட்டும் பெட்டி வேண்டாம். பிராக் பழைய நகரத்தின் கல் பாவிய தெருவில் ஒருவர் பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் மூன்று தெரு தள்ளிக் கேட்கும். அதோடு பழைய கட்டடங்களில் லிப்ட் இருக்காது, நண்பர் வீடு எப்போதும் நாலாவது மாடியில்தான் இருக்கும், அது என்ன ராசியோ தெரியவில்லை. துண்டு சொந்தமாக இருக்கட்டும். மெல்லிய உறைப் போர்வை ஒன்றும் வைத்துக்கொண்டால் அவர் உங்களுக்காகத் தனியாகப் படுக்கை விரிப்பு துவைக்க வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் எல்லாவற்றையும் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள், நீங்கள் தூங்கிய அறைதான் அவர்களுக்கு வரவேற்பறை.

இனி கதவுகள். ஜெர்மனியில் வீட்டு முகவரியில் பெரும்பாலும் கதவு எண் இருக்காது. கட்டட வாசலில் இருபது பித்தளைப் பொத்தான்கள், பக்கத்தில் குடும்பப் பெயர்கள் மட்டும். நண்பர் உள்வாடகைக்கு இருந்தால் அந்தப் பெயர் அவருடையதாகவே இருக்காது. "உன் மணியில என்ன பேர் எழுதியிருக்கு?" என்று முன்னாலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வியன்னாவில் 12/2/15 என்று எழுதியிருந்தால் 12ஆம் எண் கட்டடம், இரண்டாம் படிக்கட்டு, 15ஆம் கதவு. பாரிசில் வாசலுக்கு ரகசிய எண் இருக்கும், அது இல்லாமல் மணியிடமே போக முடியாது. இதையெல்லாம் தாளில் எழுதி வையுங்கள், ஏனென்றால் போனில் சார்ஜ் தீர்வது எப்போதும் வாசலில்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. லைப்சிக்கில் இரண்டாம் நாள் காலை நண்பன் வேலைக்குப் போன பிறகு, நல்ல பிள்ளையாகக் குப்பையைப் போட்டுவிட்டு வரலாம் என்று கதவைத் தாண்டினேன். பின்னால் 'டக்'கென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் கதவின் வெளிப்பக்கம் கைப்பிடியே இல்லை, திருகாத ஒரு குமிழ் மட்டும். சாவி உள்ளே மேசையில், போனும் உள்ளே. காலில் சாக்ஸ், கையில் குப்பைப் பை. அந்த ஊர்க் கதவுகள் சும்மா சாத்தினாலே வெளியிலிருந்து திறக்காது, பூட்டு திறப்பவரை அழைத்தால் நூறு யூரோவுக்கு மேல் போய்விடும். கீழ்வீட்டுப் பாட்டி ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார், நண்பன் மதியம் வந்து திறக்கும்வரை நாங்கள் இருவரும் சைகையிலேயே பேசிக்கொண்டிருந்தோம். அதிலிருந்து, பக்கத்து அறைக்குப் போவதானாலும் சாவி என் சட்டைப் பையில்.

வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவது, ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் குறைப்பது எல்லாம் சொல்லாமலே தெரியும். தெரியாமல் போவது ஞாயிற்றுக்கிழமைதான். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அன்றைக்குக் கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள் சில திறந்திருக்கும். ஞாயிறு வந்து சேர்பவர் வெறுங்கையோடு போய் நண்பர் வீட்டு பிரிட்ஜைக் காலி செய்வார். சனியன்றே ரொட்டி, பால், முட்டை வாங்கிவிடுங்கள். ஒரு ராத்திரிச் சமையலை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், பாத்திரமும் நீங்களே கழுவுங்கள், பெட்டி கட்டிய பரிசுப் பொருளைவிட இது மேல். ஜெர்மனியில் காலி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும், நண்பர் மூலையில் சேர்த்து வைத்திருப்பார். அவர் வீட்டிலிருந்தே வேலை செய்பவரானால் காலை ஒன்பதுக்கு வெளியே போய்விடுங்கள், மழை பெய்தாலும் சரி. பொது நூலகங்கள் எதற்கு இருக்கின்றன?

ஊருக்குள் டிராம், மெட்ரோ டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, பிராக் மாதிரி ஊர்களில் தாள் டிக்கெட்டை மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்தினால்தான் செல்லும். ஜெர்மனியில் சாதாரண உடையில் வரும் பரிசோதகரிடம் மாட்டினால் 60 யூரோ. செக் குடியரசில் கொருனா, ஹங்கேரியில் போரிண்ட், சுவிட்சர்லாந்தில் பிராங்க், இங்கெல்லாம் ஏடிஎம் இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று பணிவாகக் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள், உள்ளூர் நாணயத்திலேயே எடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் வாங்கிய சிம் மற்ற ஒன்றிய நாடுகளிலும் அதே கட்டணத்தில் வேலை செய்யும், சுவிட்சர்லாந்து அதில் சேராது.

கிளம்பும் நாள் நண்பர் பெரும்பாலும் ஆபீசில் இருப்பார், "சாவியைக் கீழே தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போ" என்பார். விரிப்பை மடித்து வைத்து, ஜன்னலை மூடி, குப்பையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபிறகு அங்கேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். பாஸ்போர்ட், பர்ஸ், சார்ஜர், குளியலறையில் காயப்போட்ட துண்டு. நான்கும் பையில் இருப்பதைத் தொட்டுப் பார்த்த பிறகு கதவைச் சாத்துங்கள், சாவியை அப்புறம் போடலாம்.